லமார் அலெக்சாண்டரும் இரு கட்சி வேலையும்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

நான் இருப்பது நாஷ்வில்லில். சனிக்கிழமை யார் வீட்டில் கூடினாலும் பேச்சு சுற்றிச் சுற்றி இரண்டு இடத்தில்தான் வந்து நிற்கும், காப்பீட்டு பிரீமியம் அல்லது பிள்ளைகளின் காலேஜ் செலவு. யாராவது ஒருத்தர் சலித்துக்கொள்வார்: "இந்த ரெண்டு கட்சியும் சேர்ந்து உருப்படியா ஏதாவது செஞ்சிருக்காங்களா?" நான் எங்கள் மாநிலத்தின் பழைய செனட்டர் லமார் அலெக்சாண்டர் பெயரைச் சொல்வேன். அதற்கப்புறம் வருகிற கேள்விகள் எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி இருக்கின்றன. வாய் வலித்ததால் எழுதி வைத்துவிட்டேன்.

யாருங்க இவர்? பேரே கேள்விப்பட்டதில்லையே.

1940-இல் டென்னசியின் மேரிவில் என்ற சிற்றூரில் பிறந்தவர். அப்பா பள்ளி முதல்வர். அம்மா வீட்டுப் பின்கட்டில் கார் ஷெட்டை மாற்றியமைத்து அதில் மழலையர் பள்ளி நடத்தியவர். அலெக்சாண்டர் குடியரசுக் கட்சிக்காரர். 1974-இல் கவர்னர் தேர்தலில் தோற்றார். 1978-இல் சிவப்பும் கறுப்பும் கட்டம் போட்ட சட்டையோடு மாநிலத்தை ஆயிரம் மைலுக்கு மேல் நடந்தே கடந்து ஜெயித்தார். அந்தச் சட்டை இன்றைக்கும் இங்கே ஒரு சின்னம் மாதிரி.

1979 முதல் 1987 வரை கவர்னர், பிறகு டென்னசி பல்கலைக்கழகத் தலைவர், மூத்த புஷ் காலத்தில் மத்திய கல்வி அமைச்சர், 2003 முதல் 2021 ஜனவரி வரை செனட்டர். இரண்டு தடவை ஜனாதிபதி வேட்பாளராகப் பார்த்தார், நடக்கவில்லை.

செனட்டர்னா நம்ம ராஜ்யசபா எம்.பி. மாதிரிதானே?

இல்லை. மாநிலத்துக்கு இரண்டு பேர், மக்களே நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள், பதவிக்காலம் ஆறு வருஷம். கட்சிக் கொறடா சொன்னபடி ஓட்டுப் போடாவிட்டால் பதவி போகும் என்கிற சட்டமும் அங்கே கிடையாது. இந்தக் கடைசி விஷயத்தை நினைவில் வையுங்கள், கீழே நடக்கிற பல கூத்துக்கு இதுதான் காரணம்.

கல்வியும் சுகாதாரமும் ஏன் ஒரே கமிட்டியில? ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லையே.

செனட்டில் சுகாதாரம், கல்வி, தொழிலாளர், ஓய்வூதியம் நான்கும் ஒரே கமிட்டிக்குள் வருகின்றன. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'ஹெல்ப்' என்று வருவதால் ஹெல்ப் கமிட்டி. அலெக்சாண்டர் 2015 முதல் 2021 ஜனவரி வரை அதன் தலைவர்.

சம்பந்தம் இல்லை என்று சொல்லிவிட முடியாது, கவர்னராக இருந்தவரைக் கேட்டால் இரண்டும் ஒரே பர்ஸ் என்பார். ஏழைகளுக்கான மெடிகெய்ட் காப்பீட்டுக்கு மத்திய அரசும் மாநிலமும் சேர்ந்து பணம் போடுகின்றன. அந்தச் செலவு ஏறும்போதெல்லாம் மாநில பட்ஜெட்டில் கை வைக்க வசதியான இடம் பல்கலைக்கழகம், அங்கே குறைத்தால் கல்லூரிக் கட்டணம் ஏறும். நம் பிள்ளைக்கு வருகிற ஃபீஸ் பில்லுக்கும் யாரோ ஒருவரின் ஆஸ்பத்திரி பில்லுக்கும் இப்படி ஒரு நூல் ஓடுகிறது. கவர்னராக இருந்தபோதே அவர் அப்போதைய ஜனாதிபதி ரீகனிடம் ஒரு பண்டமாற்று யோசனை சொன்னார்: மெடிகெய்ட் முழுவதையும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், பள்ளிக்கல்வி முழுவதையும் எங்களிடம் விட்டுவிடுங்கள். ரீகனுக்குப் பிடித்திருந்தது, ஆனால் காரியம் ஆகவில்லை.

அவங்க கட்சிக்கு மெஜாரிட்டி இருந்துச்சே, அப்புறம் எதுக்கு எதிர்க்கட்சிகிட்ட போய் நிக்கணும்?

செனட்டில் மொத்தம் 100 பேர். பெரும்பாலான மசோதாக்களை விவாதத்தை முடித்து ஓட்டெடுப்புக்குக் கொண்டுவரவே 60 பேர் வேண்டும். 2015-இல் குடியரசுக் கட்சிக்கு இருந்தது 54. மீதி ஆறு பேரை எங்கிருந்து கொண்டுவருவது? ஆக ஒத்துழைப்பு என்பது பெருந்தன்மை மட்டும் இல்லை, கணக்கும்தான். பட்ஜெட் சம்பந்தப்பட்டதற்கு 51 போதும் என்று ஒரு குறுக்குவழி உண்டு, அது 2017 கதையில் வரும்.

அலெக்சாண்டர் இதற்கு மேலும் ஒன்று சொல்வார். ஒரு கட்சி மட்டும் தள்ளிக் கொண்டுவந்த சட்டத்தை அடுத்த கட்சி வந்ததும் பிடுங்கப் பார்க்கும், ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டது நிற்கும். இதைச் சொன்னதோடு நிற்கவில்லை. 2011-இல் செனட் குடியரசுக் கட்சித் தலைமையில் மூன்றாவது இடத்தில் இருந்தவர், கட்சிச் சண்டையை விட்டுவிட்டு வேலையைப் பார்க்கிறேன் என்று அந்தப் பதவியிலிருந்து விலகுவதாக அறிவித்தார். மேலே ஏறப் பார்க்கிற இடத்தில் ஒருவர் இறங்கிக்கொண்டது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

இந்தப் பழக்கம் அவருக்கு எங்கிருந்து வந்துச்சு?

பதவியேற்ற நாளிலிருந்தே என்று சொல்லலாம், அந்தக் கதை ஒரு சினிமாவுக்குச் சமம். 1979 ஜனவரி. பதவி விட்டுப் போகவிருந்த ஜனநாயகக் கட்சி கவர்னர் ரே பிளான்டன், கடைசி வாரத்தில் 52 கைதிகளுக்கு மன்னிப்பும் தண்டனைக் குறைப்பும் வாரி வழங்கினார். அவர்களில் கொலைக் குற்றவாளிகளும் இருந்தார்கள். காசு வாங்கிக்கொண்டு விடுதலை செய்கிறார்கள் என்று ஏற்கெனவே மத்திய விசாரணை நடந்துகொண்டிருந்தது. இன்னும் பலர் வெளியே வரப்போகிறார்கள் என்று தகவல் வர, மத்திய அரசு வழக்கறிஞர் ஹால் ஹார்டின் அலெக்சாண்டருக்கு போன் போட்டு, சீக்கிரம் பதவியேற்றுக்கொள்ளுங்கள் என்றார். ஹார்டின் ஜனநாயகக் கட்சிக்காரர்.

சட்டமன்றத்தின் இரு அவைத் தலைவர்களான ஜான் வைல்டர், நெட் மக்வெர்ட்டர் இருவரும் அதே கட்சிதான். தங்கள் கட்சி கவர்னரை மூன்று நாள் முன்னதாக வீட்டுக்கு அனுப்ப ஒப்புக்கொண்டு, 17ஆம் தேதி சாயங்காலம் மாநில உச்ச நீதிமன்றக் கட்டடத்தில் கூட வந்து நின்றார்கள். சடங்கு முடிந்த பிறகுதான் பிளான்டனுக்கே விஷயம் தெரியும்.

அடுத்த எட்டு வருஷமும் சட்டமன்றம் ஜனநாயகக் கட்சி கையில்தான். நன்றாகச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியருக்குக் கூடுதல் சம்பளம் என்ற அவருடைய திட்டம் 1983-இல் ஆசிரியர் சங்கத்தின் எதிர்ப்பில் விழுந்து 1984-இல்தான் தேறியது. அதற்கும் எதிர்க்கட்சி ஓட்டுதான் தேவைப்பட்டது.

கூடவே பேட்டி மரேன்னு ஒரு பேரு வருதே, அது யாரு?

வாஷிங்டன் மாநில செனட்டர், ஜனநாயகக் கட்சி. (பேட்டி என்பது அவர் பெயர், நேர்காணல் இல்லை. எங்கள் குழுவில் ஒருத்தர் நிஜமாகவே குழம்பினார்.) மழலையர் பள்ளியில் பாடம் நடத்தியவர். உள்ளூர் திட்டம் ஒன்றுக்கான பணத்தை நிறுத்தப்போகிறார்கள் என்று சட்டமன்றத்துக்குக் கேட்கப் போனபோது, டென்னிஸ் ஷூ போட்ட ஓர் அம்மாவால் என்ன செய்ய முடியும் என்கிற மாதிரி ஓர் உறுப்பினர் பேசிவிட்டார். அதையே தேர்தல் முழக்கமாக்கி 1992-இல் செனட்டுக்குள் வந்தார்.

அலெக்சாண்டர் கமிட்டித் தலைவரான அன்றே மரேதான் எதிர்த்தரப்பின் மூத்த உறுப்பினர். ஒருவரின் அம்மா கார் ஷெட்டில் மழலையர் பள்ளி நடத்தினார், இன்னொருவர் அப்படி ஒரு வகுப்பிலேயே பாடம் எடுத்தார். கொள்கையில் இருவரும் கிழக்கும் மேற்கும்.

2015 கல்விச் சட்டம்னு பெருமையா சொல்றீங்களே, அது என்னதான் பண்ணிச்சு?

முன்கதை வேண்டும். இளைய புஷ் 2002 ஜனவரியில் கையெழுத்திட்ட சட்டத்தின் பெயர் 'எந்தக் குழந்தையும் பின்தங்கக் கூடாது'. 3 முதல் 8ஆம் வகுப்பு வரை ஒவ்வொரு வருஷமும், உயர்நிலையில் ஒரு முறையும் வாசிப்பிலும் கணக்கிலும் தேர்வு. 2014-க்குள் நாட்டின் எல்லாக் குழந்தைகளும் தேறியிருக்க வேண்டும், தவறினால் பள்ளிக்கு நடவடிக்கை. எல்லாக் குழந்தைகளும்! வகுப்பெடுத்த எவரும் இப்படி ஒரு வரியை எழுதியிருக்க மாட்டார்கள். கெடு நெருங்க நெருங்க நல்ல பள்ளிகள்கூடத் தோற்ற பட்டியலில் விழுந்தன. 2007-லேயே காலாவதியான சட்டம், புதுப்பிக்க முடியாமல் இழுத்துக்கொண்டே போனது. ஒபாமா அரசு 40-க்கும் மேற்பட்ட மாநிலங்களுக்கு விலக்குக் கொடுத்தது. அந்த விலக்குக்கும் நிபந்தனைகள் இருந்ததால், வாஷிங்டன் நாட்டுக்கே பள்ளி நிர்வாகக் குழு ஆகிவிட்டது என்று அலெக்சாண்டர் குறைபட்டுக்கொண்டிருந்தார்.

புதிய சட்டம் தேர்வுகளை அப்படியே வைத்துக்கொண்டது. மதிப்பெண்ணை வைத்து என்ன செய்வது என்கிற அதிகாரத்தை மாநிலங்களிடம் கொடுத்தது. கடைசி 5 சதவீதப் பள்ளிகளையும், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மாணவர்கள் படிப்பை முடிக்காத உயர்நிலைப் பள்ளிகளையும் கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும் என்றது. பாடத்திட்டத்தையோ ஆசிரியர் மதிப்பீட்டையோ மத்திய கல்வி அமைச்சர் திணிக்கக் கூடாது என்றும் எழுதிவைத்தது.

அதெல்லாம் சரி, சண்டைக்கோழிங்க எப்படி கமிட்டியில 22-0ன்னு ஓட்டுப் போட்டாங்க?

இதுதான் எனக்குப் பிடித்த பகுதி. 2015 ஜனவரியில் அலெக்சாண்டர் தன் கட்சிக்குப் பிடித்த மாதிரி ஒரு வரைவை வெளியிட்டார். மரே அவரிடம் போய், இப்படித் தொடங்கினால் போன தடவை மாதிரிதான் முடியும், முதல் வரியிலிருந்து இருவரும் சேர்ந்து எழுதலாம் என்றார். அலெக்சாண்டர் தன் வரைவை ஓரம்கட்டிவிட்டு உட்கார்ந்தார். மெஜாரிட்டி கையில் இருக்கிற தலைவருக்கு அப்படிச் செய்ய வேண்டிய கட்டாயமே இல்லை.

இருவரும் தங்களுக்கு ரொம்பப் பிடித்ததை வெளியே வைத்தார்கள். ஏழைக் குழந்தைகளுக்கான நிதி குழந்தையோடு சேர்ந்து பள்ளி மாற வேண்டும் என்பது அவருடைய நீண்ட நாள் ஆசை, கூட்டு வரைவில் அது இல்லை. மழலையர் கல்விக்கு மரே கேட்டதில் ஒரு சிறு மானியத் திட்டம்தான் உள்ளே வந்தது. கமிட்டியை உடைத்துவிடக்கூடிய திருத்தங்களை 100 பேரும் கூடும் பொது அவையில் வந்து கேளுங்கள், அங்கே ஓட்டெடுப்பு நிச்சயம் நடத்துகிறேன் என்று அலெக்சாண்டர் வாக்குக் கொடுத்தார். ஒருபாலின ஈர்ப்புள்ள மாணவர்களைச் சீண்டுவதைத் தடுக்க ஜனநாயகக் கட்சியின் ஆல் ஃபிராங்கன் வைத்திருந்த திருத்தம் அப்படித்தான் பொது அவைக்குப் போனது. 52 ஓட்டு வாங்கியும் 60 இல்லாததால் தோற்றது. பிடித்த பள்ளியைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள உதவித்தொகை கொடுக்க அலெக்சாண்டரே கொண்டுவந்த திருத்தமும் அங்கே தோற்றது.

ஏப்ரலில் கமிட்டியில் 22-0. ஜூலையில் செனட்டில் 81-17. இன்னொரு அவையான பிரதிநிதிகள் சபையோ குடியரசுக் கட்சி ஓட்டை மட்டும் வைத்து வேறொரு மசோதாவை 218-213 என்று தட்டுத்தடுமாறி நிறைவேற்றியிருந்தது. இரண்டையும் சேர்த்துத் தைத்த பிறகு டிசம்பரில் அங்கே 359-64, செனட்டில் 85-12. டிசம்பர் 10 அன்று கையெழுத்திட்ட ஒபாமா இதை ஒரு கிறிஸ்துமஸ் அதிசயம் என்றார்.

ரெண்டு கட்சியும் சேர்ந்து போட்டா அது நல்ல சட்டம்னு அர்த்தமா?

இல்லவே இல்லை. மேலே திட்டித் தீர்த்தேனே 2002 சட்டம், அதுவும் இரு கட்சிச் சட்டம்தான். ஜனநாயகக் கட்சி செனட்டர் டெட் கென்னடியும் இளைய புஷ்ஷும் சேர்ந்து கொண்டுவந்தது, செனட்டில் 87-10. ஒற்றுமையாக இருந்தும் எல்லாருமாகச் சேர்ந்து தப்புச் செய்யலாம்.

2015 சட்டத்திலும் குறை உண்டு. அதிகாரத்தை மாநிலத்திடம் கொடுத்தால் அக்கறையுள்ள மாநிலம் நன்றாகச் செய்யும், அக்கறையில்லாத மாநிலம் ஏழைப் பள்ளிகளைக் கண்டும் காணாமல் விட்டுவிடும் என்று சிவில் உரிமை அமைப்புகள் அப்போதே கவலைப்பட்டன. அந்தக் கவலையில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன்.

சுகாதாரத்துல என்ன செஞ்சார்?

பெரியது 2016 டிசம்பரில் நிறைவேறிய '21ஆம் நூற்றாண்டு நிவாரணங்கள்' சட்டம். செனட்டில் 94-5. தேசிய சுகாதார ஆய்வு நிறுவனங்களுக்குப் பத்து ஆண்டில் 480 கோடி டாலர், அதில் 180 கோடி புற்றுநோய் ஆராய்ச்சிக்கு. அந்தப் பகுதிக்கு மூளைப் புற்றுநோயில் இறந்த பைடனின் மகன் பியூ பெயரையே வைத்தார்கள். ஓபியாய்ட் என்ற அபின் வகை மருந்துகளின் போதையைச் சமாளிக்க மாநிலங்களுக்கு இரண்டு வருஷத்தில் 100 கோடி டாலர். டென்னசிக்கு இந்தக் கடைசிப் பணத்தின் அருமை தெரியும், இங்கே வலி மாத்திரையில் ஆரம்பித்துச் சீரழிந்த குடும்பங்கள் ஏராளம்.

எதிர்த்த ஐந்து பேரில் எலிசபெத் வாரனும் பெர்னி சாண்டர்ஸும் உண்டு. மருந்து கம்பெனிகளுக்கு ஒப்புதல் விதிகளைத் தளர்த்திக் கொடுக்கிறீர்கள் என்பது அவர்கள் தரப்பு. செலவை ஈடுகட்ட நோய்த்தடுப்பு நிதியிலிருந்து எடுத்ததும் உண்மை. 2018-இல் ஓபியாய்டுக்கென்றே ஒரு விரிவான சட்டம் வந்தது, அது 98-1.

ஒபாமாகேரை ஒழிக்க ஓட்டுப் போட்டவர்தானே? அவரைப் போய் இரு கட்சிக்காரர்ங்கிறீங்க.

ஆமாம், போட்டார். 2017 ஜூலையில் அந்த 51 ஓட்டுக் குறுக்குவழியில், ஒபாமா கொண்டுவந்த காப்பீட்டுச் சட்டமான ஒபாமாகேரின் முக்கியப் பகுதிகளைப் பிடுங்கப் பார்த்தார்கள். நடு ராத்திரியில் அதே கட்சி செனட்டர் ஜான் மெக்கெய்ன் கட்டை விரலைக் கீழே காட்டி அதைக் கவிழ்த்தார். அன்றைக்கு அலெக்சாண்டர் மெக்கெய்ன் பக்கம் இல்லை.

இதை நான் மறைக்கப் பார்க்கவில்லை. அவர் நடுநிலைவாதி என்று நான் ஒருபோதும் சொன்னதும் இல்லை. பெரும்பாலான ஓட்டில் கட்சியோடுதான் நின்றார். வேறுபாடு தோற்ற பிறகு தெரிந்தது. மெக்கெய்ன் ஓட்டுப் போட்ட ஆறு வாரத்துக்குள், மக்கள் தனியாகக் காப்பீடு வாங்குகிற ஒபாமாகேர் சந்தையை நிலைப்படுத்த அலெக்சாண்டர் கமிட்டி விசாரணைகளைத் தொடங்கினார். மாநிலக் காப்பீட்டு ஆணையர்கள், கவர்னர்கள் என்று வரிசையாகக் கூப்பிட்டு, கமிட்டியில் இல்லாத செனட்டர்களையும் விசாரணைக்கு முன்னால் காபி குடிக்க அழைத்தார். ஒழிக்க முடியாததை ஓட்டையாக விட்டு வேடிக்கை பார்ப்பதா, அடைப்பதா என்பது கேள்வி. அவர் அடைக்கப் போனார்.

அந்த 2017 ஒப்பந்தம் அப்புறம் என்ன ஆச்சு? நிறைவேறலையே?

குறைந்த வருமானக்காரர்கள் சிகிச்சையின்போது கையிலிருந்து கட்டும் கோ-பே தொகையைக் காப்பீட்டு நிறுவனங்கள் குறைக்க வேண்டும், அந்தப் பணத்தை அந்த நிறுவனங்களுக்கு அரசு திருப்பித் தரும், இது ஒபாமாகேரின் ஏற்பாடு. 2017 அக்டோபர் 12 அன்று டிரம்ப் அரசு அதை நிறுத்தியது. ஐந்தே நாளில், 17ஆம் தேதி, அலெக்சாண்டரும் மரேயும் ஒப்பந்தத்தை அறிவித்தார்கள். இரண்டு வருஷத்துக்கு அந்தப் பணம் தொடரும் என்பது மரேக்கு. மாநிலங்கள் விதிகளை மாற்றிக்கொள்ளக் கூடுதல் சுதந்திரம் என்பது அலெக்சாண்டருக்கு. குடியரசுக் கட்சியில் 12 பேர், ஜனநாயகக் கட்சியில் 12 பேர் ஆதரித்துக் கையெழுத்துப் போட்டார்கள். டிரம்ப் முதல் நாள் நல்லது என்றார், மறுநாள் காப்பீட்டுக் கம்பெனிகளுக்குத் தூக்கிக்கொடுக்க மாட்டேன் என்றார். ஓட்டெடுப்புக்கே வரவில்லை.

அப்புறம் ஒரு வினோதம். காப்பீட்டு நிறுவனங்கள் நஷ்டத்தையெல்லாம் 'வெள்ளி' என்ற நடுத்தர வகைத் திட்டத்தின் பிரீமியத்தில் ஏற்றின. அரசு மானியம் வெள்ளித் திட்டத்தை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது என்பதால் மானியமும் சேர்ந்து ஏறியது, பலருக்கு அதைவிட மலிவான 'வெண்கல'த் திட்டம் கிட்டத்தட்ட இலவசமாகவே கிடைத்தது. மானியம் இல்லாமல் முழுப் பணம் கட்டியவர்கள்தான் அடி வாங்கினார்கள். 2018 மார்ச்சில் மறுபடி முயன்றபோது, பழையபடி பணம் கொடுத்தால் மானியம் குறையுமே என்று ஜனநாயகக் கட்சியின் ஆர்வம் வடிந்திருந்தது. கருக்கலைப்புக்கு மத்திய நிதி கூடாது என்ற வாசகத்தைக் குடியரசுக் கட்சி சேர்க்கச் சொன்னதும் கதை முடிந்தது.

அதே இரண்டு பேர், அதே கமிட்டி, அதே பொறுமை. 2015-இல் கட்சித் தலைமையும் ஜனாதிபதியும் ஏதோ ஒரு சட்டம் வேண்டும் என்று நினைத்தார்கள், 2017-இல் நினைக்கவில்லை. கமிட்டி அறைக்குள் எவ்வளவு நல்ல மனசு இருந்தாலும் வெளியே கதவைத் திறக்க ஆள் வேண்டும்.

எமர்ஜென்சிக்குப் போனா தனியா ஒரு பில் வருமே, அதை நிறுத்தினது இவர்தானா?

இவரும். நீங்கள் போன ஆஸ்பத்திரி உங்கள் காப்பீட்டுக்குள் இருக்கும், மயக்க மருந்து கொடுத்தவர் இருக்க மாட்டார். மூன்று மாதம் கழித்து முன்பின் தெரியாத பெயரில் ஒரு கவர் வரும். எங்கள் நண்பர் ஒருவர் வீட்டில் குடல்வால் அறுவைக்கு அப்புறம் அப்படி வந்த கவரை ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தார், கட்டவும் மனசில்லாமல் கிழிக்கவும் தைரியமில்லாமல்.

2019 ஜூனில் ஹெல்ப் கமிட்டி இதற்கான மசோதாவை 20-3 என்று நிறைவேற்றியது. அதன்பின் நடந்தது கட்சிச் சண்டை இல்லை. டாக்டர்களுக்கும் காப்பீட்டுக் கம்பெனிகளுக்கும் இடையிலான சண்டை. அந்தப் பகுதியின் சராசரித் தொகையைக் கொடுத்தால் போதும் என்றது ஒரு பக்கம், நடுவர் முடிவு செய்யட்டும் என்றது மறுபக்கம். தொலைக்காட்சியில் விளம்பரம் கொட்டியது. அந்த டிசம்பரில் மரே சேராமல் அலெக்சாண்டர் பிரதிநிதிகள் சபைக்காரர்களோடு செய்த ஒப்பந்தமும் நகரவில்லை. ஒரு வருஷம் கழித்து மரேயும் சேர்ந்த பிறகு, நடுவர் முறையோடு, 2020 டிசம்பர் 27 அன்று சட்டமாகி 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் இதில் அடங்கும். ரோட்டில் வருகிற ஆம்புலன்ஸ் அடங்காது, கவனம்.

ஃபாஃப்ஸா ஃபாரம் சின்னதானதுக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்?

இதைக் கேட்டால் நான் நிறுத்த மாட்டேன், தெரிந்துதான் கேட்கிறார்கள். கல்லூரிக்கான மத்திய அரசு உதவி கேட்கும் படிவம்தான் ஃபாஃப்ஸா. பழையதில் 108 கேள்விகள். அலெக்சாண்டர் அந்தப் படிவத்தை ஒட்டி மடித்து வைத்துக்கொண்டு, கூட்டங்களில் ஒரு முனையைப் பிடித்து உதறுவார். துணிக்கடையில் புடவையை விரிக்கிற மாதிரி அது கீழே இறங்கிக்கொண்டே போகும். கொலராடோவின் ஜனநாயகக் கட்சி செனட்டர் மைக்கேல் பென்னட்டோடு சேர்ந்து 2014-இல் அவர் கேட்டது அஞ்சலட்டை அளவில் இரண்டே கேள்வி: குடும்பத்தில் எத்தனை பேர், வருமானம் எவ்வளவு.

டென்னசியில் 2015 முதல் சமுதாயக் கல்லூரி படிப்புக்குக் கட்டணம் இல்லை, ஆனால் அதற்கு ஃபாஃப்ஸா போட்டே ஆக வேண்டும். குடும்பத்தில் முதல்முதலாகக் கல்லூரிக்குப் போகிற பிள்ளை இந்தப் படிவத்தைப் பார்த்தே திரும்பிவிடுகிறது என்பது அவருடைய வாதம். 2019-இல் வரித்துறையிடம் இருக்கும் விவரத்தை நேரடியாக எடுத்துக்கொள்ள வழி பிறந்தது. அவர் ஓய்வுபெறுவதற்குச் சில நாள் முன்பு, மேலே சொன்ன அதே டிசம்பர் 27 சட்டத்துக்குள் படிவச் சுருக்கமும் வந்துவிட்டது. இரண்டு கேள்வி ஆகவில்லை, சுமார் 36 ஆனது.

நம்மவர்கள் அடிக்கடி கேட்பதால் ஒன்று: பிள்ளை அமெரிக்கக் குடிமகனாகவோ கிரீன் கார்டு வைத்திருப்பவராகவோ இருந்தால் போதும், அப்பா அம்மா எந்த விசாவில் இருக்கிறார்கள் என்பது தடையில்லை.

ஆனா எங்களுக்கு ரெண்டு பசங்க காலேஜ்ல, உதவி குறைஞ்சு போச்சே?

வலிக்கிற கேள்வி. பழைய கணக்கில் குடும்பம் கட்ட வேண்டிய தொகையை கல்லூரியில் இருக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கையால் வகுப்பார்கள். புதிய சட்டம் அந்த வகுத்தலை எடுத்துவிட்டது. ஏழைக் குடும்பங்களுக்கு பெல் என்ற மத்திய அரசு உதவித்தொகை கூடியது, நடுத்தர, உயர் நடுத்தரக் குடும்பங்களில் இரட்டையர் வைத்திருப்பவர்கள் அடிவாங்கினார்கள். இதுவும் இரு கட்சியும் சேர்ந்து செய்ததுதான். சில தனியார் கல்லூரிகள் தங்கள் சொந்த உதவிக்கு வேறு படிவம் வைத்து அண்ணன் தம்பிக் கணக்கை இன்னும் பார்க்கின்றன, கல்லூரி உதவித்தொகை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்பதில் தப்பில்லை.

புதிய படிவமும் தாமதம். அக்டோபரில் வர வேண்டியது 2023 டிசம்பர் கடைசியில் வந்தது, கல்லூரிகளுக்கு விவரம் போய்ச் சேரவே அடுத்த மார்ச் ஆகிவிட்டது. சட்டம் எழுதினவர் அதற்குள் வீட்டுக்குப் போய் மூன்று வருஷம்.

கறுப்பினக் கல்லூரிகளோட பணத்தைப் பணயமா வச்சார்னு சொல்றாங்களே?

கறுப்பின மாணவர்களுக்காக உருவான கல்லூரிகளும் அதைப் போன்ற மற்றவையும் பெற்றுவந்த ஆண்டுக்கு 25.5 கோடி டாலர் நிதிக்கான சட்டம் 2019 செப்டம்பர் 30-இல் காலாவதியானது. இரண்டு வருஷம் நீட்டிக்கலாம் என்று பிரதிநிதிகள் சபை அனுப்பிய மசோதாவை அலெக்சாண்டர் செனட்டில் தடுத்தார். நிரந்தரமாகவே கொடுக்கலாம், ஆனால் என் ஃபாஃப்ஸா சீர்திருத்தமும் கூடவே வர வேண்டும் என்றார். நாஷ்வில்லிலேயே அப்படிப்பட்ட கல்லூரிகள் இருக்கின்றன, கோபம் இருந்தது, நியாயமான கோபம்.

டிசம்பரில் நிதி நிரந்தரமானது, வரித்துறை விவரப் பகிர்வும் அதே சட்டத்தில் வந்தது. முடிவு நல்லதுதான், ஆனால் அந்த மூன்று மாதம் யாருடைய வயிற்றில் நெருப்பு எரிந்தது என்று யோசிக்காமல் கைதட்ட எனக்கு மனம் வரவில்லை.

பெட்சி டெவோஸ், டிரம்ப் பதவிநீக்க விசாரணை... அங்கெல்லாம் எங்க போச்சு இந்த ஒத்துழைப்பு?

போகவில்லை, இருக்கவே இல்லை. 2017-இல் டெவோஸைக் கல்வி அமைச்சராக்கும் விசாரணையில் ஒரு சுற்றுக்கு மேல் கேள்வி கேட்க விடவில்லை, மரே கெஞ்சிப் பார்த்தார். கமிட்டியில் 12-11, பொது அவையில் 50-50, துணை ஜனாதிபதி ஓட்டால் தேறியது. அமைச்சர் நியமனத்தில் அதற்கு முன் அப்படி நடந்ததே இல்லை. 2020 ஜனவரியில், டிரம்ப் செய்தது முறையற்றது, அது நிரூபணமும் ஆகிவிட்டது, ஆனால் பதவிநீக்கும் அளவுக்கு இல்லை என்று சொல்லிச் சாட்சிகளை அழைப்பதற்கு எதிராக ஓட்டுப் போட்டார்.

பதவி, அதிகாரம் என்று வரும்போது கட்சிக்காரர், சட்டம் எழுத உட்கார்ந்தால் தச்சர். இப்படித்தான் நான் புரிந்துகொள்கிறேன். இரண்டும் ஒரே ஆள்தான். எங்கள் வீட்டில் இதை என் மனைவி ஏற்றுக்கொள்வதில்லை, அந்த விவாதம் தனி.

இப்ப அந்தக் கமிட்டித் தலைவர் நாற்காலியில யாரு?

அலெக்சாண்டர் 2021 ஜனவரியில் ஓய்வு பெற்றார். விடைபெறும் உரையில், செனட்டில் இருந்துகொண்டு திருத்தத்துக்கு ஓட்டுப் போட முடியாதது கிராண்ட் ஓல் ஓப்ரியில் சேர்ந்தும் பாட விடாததைப் போன்றது என்ற பொருளில் பேசினார். நாஷ்வில்காரர்களுக்கு அந்த மேடையைப் பற்றி விளக்கத் தேவையில்லை, மற்றவர்களுக்கு: அமெரிக்காவின் கன்ட்ரி இசைக்கு அதுதான் மியூசிக் அகாடமி.

அதற்கு முந்தைய மே மாதம் கொரோனா விசாரணையை டென்னசி வீட்டிலிருந்து வீடியோவில் நடத்தினார், தொற்றுநோய் நிபுணர் டாக்டர் ஃபவுச்சி சாட்சி சொல்லிக்கொண்டிருக்க, பின்னால் அவருடைய நாய் ரூஃபஸ் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அவருக்குப் பிறகு மரே இரண்டு வருஷம் தலைவர், 2023-இல் நிதி ஒதுக்கீட்டுக் கமிட்டிக்கு மாறினார். அந்த இடத்துக்கு சாண்டர்ஸ் வந்தார். 2025 ஜனவரி முதல் லூசியானாவின் பில் கேசிடி, தொழிலால் மருத்துவர். 2017 செப்டம்பரில் அலெக்சாண்டரும் மரேயும் பேசிக்கொண்டிருந்தபோது குறுக்கே வந்து பேச்சை நிறுத்தவைத்த ஒபாமாகேர் ஒழிப்பு மசோதாவில் ஒட்டியிருந்த இரண்டு பெயர்களில் ஒன்று அவருடையது.